எங்கட கிணற்றுத் தண்ணிக்கு எந்தத் தேயிலை?

தேயிலை வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விதான்: சாயம் நல்லா இறங்குமோ? கிலோ என்ன விலை? உடம்புக்கு எப்படி என்ற மூன்றாவது கேள்விக்குப் பக்கற்றின் முன்பக்கத்தில் அச்சடித்த பச்சை இலைப் படமே பதிலாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தரம் வாயில் வைக்கிற பொருளுக்கு இவ்வளவு கவனம் போதாது.

திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளைச் சுற்றியுள்ள பலசரக்குக் கடைகளிலும் சங்கக் கடைகளிலும் வழக்கமாகக் கிடைக்கும் ஐந்து வகையை இங்கே பார்க்கலாம்: நிறுத்துத் தரும் உதிரித் தூள், பக்கற்றில் அடைத்த பி.ஓ.பி.எஃப். (Broken Orange Pekoe Fannings என்ற சிறுதுகள் தரம்), நுவரெலியா உயர்நிலத் தேயிலை, கிறீன் ரீ, பால்மாவும் சீனியும் கலந்து வரும் உடனடிப் பக்கற். தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளுக்குப் பொருத்தமானது இடைநிலத்து (நடுத்தர உயரத் தோட்டத்து) பி.ஓ.பி.எஃப்., 200 கிராமுக்கு மேற்படாத பக்கற்றாக. உதிரித் தூளைச் சோதித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். உடனடிப் பக்கற்றைத் தேத்தண்ணிக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

தேயிலைக்கு முன்னால் தண்ணியைப் பார்க்க வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணி அந்தக் கல் வெடிப்புகளால் இறங்கும்போது கல்சியத்தையும் இருகாபனேற்றையும் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை அதுதான். தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் பொலிபீனோல்கள் இந்தக் கல்சியத்தோடும் காற்றோடும் சேரும்போது தேத்தண்ணியின் மேல் ஓர் ஆடை கட்டுகிறது. ஒரே தேயிலையை ஒரே அளவில் இரண்டு கோப்பையில் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்குக் கொதித்த கிணற்றுத் தண்ணி, மற்றதற்குக் கொதித்த மழைத்தண்ணி. பத்து நிமிடத்தில் கிணற்றுத் தண்ணிக் கோப்பையின் மேல் எண்ணெய் மினுக்கம் போல ஒரு தோல் தெரியும். கோப்பையைச் சரித்தால் அந்தத் தோல் வெடித்துத் துண்டு துண்டாகப் பிரியும். ஓரத்தில் மண்ணிறக் கோடு ஒட்டும். நிறம் கறுத்திருக்கும், ஆனால் ஒளி இருக்காது. மழைத்தண்ணிக் கோப்பை செம்பு நிறத்தில் தெளிந்து நிற்கும். இப்போது கிணற்றுத் தண்ணிக் கோப்பையில் நாலு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் தோல் கரையும், கறுப்பு இளகிப் பொன்னிறத்துக்கு வரும்.

அந்த ஆடையால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் சுற்றி வளைத்து வருகிறது. இப்படிக் கல்சியம் கூடிய வன்தண்ணியில் மணமும் சுவையும் மங்கிப் போவதால் தேயிலையைக் கூடப் போடுகிறோம், கூட நேரம் கொதிக்க விடுகிறோம், வந்த கைப்பை மறைக்கச் சீனியைக் கூட்டுகிறோம். அந்த மூன்றாவது படிதான் ஆபத்து. இதற்கு வழி சுலபம். தண்ணியை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். வெள்ளைப் படிவு அடியில் இறங்கியதும் மேல் தண்ணியை மட்டும் வார்த்தெடுத்துத் தேத்தண்ணிக்கு மறுபடி கொதிக்க வையுங்கள். கல்சியத்தின் ஒரு பங்கு அடியோடு போய்விடும். இந்த முறை உவர்த் தண்ணிக்கு உதவாது. தீவகத்துச் சவர்க் கிணறுகளில் இருப்பது உப்பு, அது கொதிக்கக் கொதிக்கச் செறியும். தோட்டப் பகுதிக் கிணறுகளில் உரத்தால் சேரும் நைத்திரேற்றும் அப்படியே. கொதிக்க வைத்தால் அது போகாது, செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இதற்கு மேல் அளந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பால்குடிக் குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணியில் எதுவும் கரைத்துக் கொடுக்கக் கூடாது. குழந்தைக்குத் தேத்தண்ணி என்ற பேச்சே எழக் கூடாது.

இனித் தேயிலை. உதிரித் தூளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. துகள் சிறிதாக இருப்பதால் தண்ணி படும் பரப்புக் கூட, இரண்டு நிமிடத்தில் சாயம் இறங்கிவிடும். தேத்தண்ணிக் கடைகளின் சீலை வடிக்கு ஏற்றதும் இதுதான். தரக்குறைவு என்று முகம் சுளிக்கத் தேவையில்லை; தூள் என்பது துகளின் அளவுக்குப் பெயர், நல்ல தோட்டத்தின் ஒன்றாம் இலக்கத் தூள் ஏலத்தில் நல்ல விலைக்கே போகிறது. சிக்கல் என்னவென்றால், சாக்கில் இருந்து அள்ளித் தரும் தூள் எந்தத் தோட்டத்தது, எப்போது அரைத்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. கழிவுத் தேயிலை, ஒருமுறை சாயம் இறக்கிக் காயவைத்த சக்கை, நிறமூட்டி, நிறை கூட்டச் சேர்க்கும் சீனி எல்லாம் ஒளிந்துகொள்ள வசதியான இடம் இந்தச் சாக்குத்தான்.

100 கிராம் மட்டும் வாங்கி வீட்டில் பாருங்கள். வெள்ளைக் கடுதாசி ஒன்றை ஈரமாக்கி ஒரு சிட்டிகை தூளைத் தூவி, குளிர்ந்த தண்ணி இரண்டு துளி விட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டுக் கடுதாசியைக் குழாய்த் தண்ணியில் அலசி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நல்ல தேயிலை குளிர்தண்ணியில் அவசரப்படாது. கடுதாசியில் இலேசான மண்ணிற நிழல் இருந்தாலும் அலசலோடு பெரும்பாலும் போய்விடும். செம்மஞ்சளாகவோ கடும் சிவப்பாகவோ கோடு கோடாக ஓடிப் பிடித்திருந்தால் நிறமூட்டி சேர்ந்திருக்கிறது. அடுத்து ஒரு காந்தத்தைத் தூளின் மேல் மெதுவாக இழுங்கள். ஆலை உருளையில் தேய்ந்த ஓரிரண்டு துணுக்கு ஒட்டுவது உண்டு. மீசை முளைத்தது போல ஒட்டினால் அந்தத் தூள் வேண்டாம். மூன்றாவது விரல் சோதனை: இரண்டு விரலுக்கிடையில் நசுக்கினால் உலர்ந்த தூள் உதிர வேண்டும். பிசுபிசுத்துக் கட்டியானால் ஈரமோ சீனியோ இருக்கிறது. நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு வருவது தேயிலையின் குணம் அல்ல. சந்தேகம் உறுதியானால் மிச்சத்தைப் பக்கற்றோடு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரத்தை அவருக்குத் தந்திருக்கிறது. இந்தச் சோதனைகளில் நின்ற உதிரித் தூள் என்றால் தாராளமாக வாங்கலாம்.

பக்கற் பி.ஓ.பி.எஃப். தூளை விடச் சற்றுப் பெரிய துகள். இடைநிலம் என்று தேயிலைக்காரர் சொல்வது கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 600 மீற்றரில் இருந்து 1200 மீற்றர் வரை. கண்டிப் பக்கத் தோட்டங்கள் பல இதில் அடங்கும். நிறமும் கனமும் உள்ள தேயிலை, வன்தண்ணியிலும் தன் சுவையை முழுக்க விட்டுக்கொடுக்காது. பக்கற்றைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பொதி செய்த திகதி, தரத்தின் பெயர் இரண்டும் இருக்க வேண்டும். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால் இலங்கைத் தேயிலை மட்டுமே, இலங்கையிலேயே பொதி செய்தது என்று பொருள். விலையைக் கோப்பைக் கணக்கில் ஒப்பிடுங்கள். கோப்பைக்கு 2 கிராம் என்றால் 200 கிராம் பக்கற் 100 கோப்பை. மலிவான தூளை மட்டமாக இல்லாமல் குவித்துப் போட்டுக் கிடைக்கும் கோப்பை எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பலருக்கு வியப்பாக இருக்கும்.

போடும் விதம்: 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி, அதாவது இரண்டு கிராமை ஒட்டி. குமிழி விட்டுக் கொதித்த தண்ணியை இலையின் மேல் ஊற்றி, மூடி, மூன்று நிமிடம். வடித்துவிடுங்கள். இலையைக் கேத்திலுக்குள் போட்டுக் கொதிக்க விடுவதுதான் இங்கே பொதுவாக நடக்கும் பிழை. கஃபீனின் பெரும்பகுதி முதல் சில நிமிடத்திலேயே இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் கொதித்து வருவது துவர்ப்பும் கைப்பும். விடியப் போட்டுச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிப் பின்நேரம் வரை வைத்துக் குடிக்கும் தேத்தண்ணியும் அப்படித்தான், பொலிபீனோல்கள் ஒட்சியேறிக் கறுத்து, மணம் செத்துப் போயிருக்கும். பால் விட்ட தேத்தண்ணியை அப்படி மணிக்கணக்கில் வைத்திருப்பது கிருமி வளர இடம் கொடுப்பது. சீலை வடியை ஒவ்வொரு நாளும் கொதிதண்ணியில் போட்டு வெயிலில் காயவையுங்கள். ஈரச் சக்கையோடு இரவு முழுக்கத் தொங்கும் வடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

நுவரெலியாத் தேயிலைக்கு உள்ள பெயர் நியாயமான பெயர். 1200 மீற்றருக்கு மேல் குளிரில் மெல்ல வளரும் கொழுந்து, இளம் நிறம், பூமணம். ஆனால் கிணற்றுத் தண்ணியில் அந்த மணம்தான் முதலில் போகிறது. கொடுத்த காசில் பாதி கேத்தில் அடியில் படிந்துவிடும். மழைத்தண்ணியோ நல்ல வடிகட்டிய தண்ணியோ உள்ள வீட்டுக்கு மட்டும் இதைச் சொல்லலாம், பால் இல்லாமல்.

கிறீன் ரீயும் அதே செடியின் இலைதான். பறித்ததும் சூடு காட்டி ஒட்சியேற்றத்தை நிறுத்திவிடுவதால் கற்றேச்சின்கள் என்ற பொலிபீனோல்கள் கூடுதலாக மிஞ்சுகின்றன. கொதிதண்ணி ஊற்றினால் கைக்கும். கொதித்த தண்ணியை ஐந்தாறு நிமிடம் ஆறவிட்டு ஊற்றி இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். உடம்பு மெலியும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். நிறையில் ஏற்படும் மாற்றம் கண்டுகொள்ள முடியாத அளவு சிறியது. சீனி போட்ட பால் தேத்தண்ணிக்குப் பதிலாகச் சீனி இல்லாமல் இதைக் குடித்தால் குறைகிற கலோரிதான் உண்மையான இலாபம். கோப்பையில் குடிப்பதால் ஈரலுக்குப் பயம் இல்லை. செறிவூட்டிய சாற்றுக் குளிசைகள் வேறு விடயம். நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. என்ற கற்றேச்சினைக் குளிசையாக எடுத்தவர்களில் ஈரல் நொதியங்கள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சுட்டிக்காட்டியது. இணையத்தில் விற்கும் மெலிவுக் குளிசைகளைத் தேயிலைதானே என்று விழுங்க வேண்டாம்.

உடனடிப் பக்கற்றுக்கு ஒரே குறிப்புப் போதும். பின்பக்கப் பொருட்பட்டியலில் எது கூட இருக்கிறதோ அது முதலில் வரும். பெரும்பாலான பக்கற்றுகளில் முதலில் நிற்பது சீனி.

சரியாகப் போட்ட நல்ல தேத்தண்ணியால் நன்மை உண்டு. பிரித்தானியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2022இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ கறுப்புத் தேயிலை குடித்தவர்களிடம், குடிக்காதவர்களை விட இறப்பு அபாயம் 9 முதல் 13 வீதம் குறைவாக இருந்தது. தேயிலையே காரணம் என்று இந்த வகை ஆய்வு நிரூபிக்காது. ஆயினும் கெட்ட கொழுப்பையும் பிறசரையும் தேயிலை சிறிதளவு இறக்குவதைச் சோதனைகளும் காட்டுகின்றன. மருந்தை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

கேடு எங்கே என்றால், முதலாவது சீனி. மட்டமான ஒரு கரண்டி 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் 25 கிராமை நாலாவது கோப்பையிலேயே தாண்டியாயிற்று. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கும் நம் பழக்கம் அருமையானது. வாயில் ஒரு துண்டு கரையும் நேரத்துக்கு ஒரு கோப்பை முடிந்துவிடுவதால் அளவோடு இனிப்புச் சேர்கிறது. ஆனால் பனங்கட்டியும் பெரும்பாலும் சுக்குரோசுதான். சலரோகக்காரர் அதைச் சீனி இல்லை என்று எடுத்து இரண்டாவது துண்டுக்குப் போகக் கூடாது.

இரண்டாவது, நேரம். பருப்பு, கீரை, முருங்கை இலை போன்ற தாவர உணவின் இரும்புச்சத்தைத் தேயிலையின் பொலிபீனோல்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கலாம். மீன், இறைச்சியில் உள்ள இரும்பை இது அவ்வளவாகத் தொடாது. அதனால் வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாட்டுக்குப் பின், விரத நாட்களில், சைவ வீடுகளில் எப்போதும், சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். கறியில் தேசிக்காய்ப் புளி சேர்ப்பது உதவும். விற்றமின் சி இரும்பை மீட்டுக் கொடுக்கும். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைக் கர்ப்பிணித் தாய்மார் தேத்தண்ணியோடு விழுங்கினால் அந்தக் குளிசையின் ஒரு பங்கு வீணாகலாம். தைரொட்சின் குளிசைக்கும் இதே பாடம்: வெறுந்தண்ணியோடு எடுத்து, தேத்தண்ணிக்கு முன் அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

கஃபீன் ஒரு கோப்பைக்கு 40, 50 மில்லிகிராம். சுகதேகிக்கு நாளுக்கு 400 வரை பிரச்சினை இல்லை, கர்ப்பிணிக்கு 200. அதாவது கர்ப்பிணிக்கு நாலு கோப்பையோடு எல்லை முடிகிறது. கோப்பியும் சொக்லற்றும் அந்த எல்லைக்குள்தான் அடங்க வேண்டும். உடம்பில் அது பாதியாகக் குறைய ஐந்து மணி நேரமளவு ஆவதால், நித்திரை வராதவர்கள் பின்நேரம் நாலு மணிக் கோப்பையைக் கடைசியாக வைக்கலாம். வெறுவயிற்றில் கடும் சாயம் குடித்துக் குமட்டலும் நெஞ்செரிவும் வந்தால் குறை தேயிலையில் இல்லை. ஒரு பிஸ்கற்றோ இரண்டு வாழைப்பழத் துண்டோ முதலில் போகட்டும்.

சூடு பற்றி இங்கே யாரும் போதிய அளவு பேசுவதில்லை. 65 பாகைக்கு மேல் சூடான பானங்களை, அது தேத்தண்ணியானாலும் வெறுந்தண்ணியானாலும், உணவுக் குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2016இல் வகைப்படுத்தியது. வெத்திலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு ஏற்கெனவே வாயும் தொண்டையும் அபாயத்தில் இருக்கின்றன. அதே வாயில் ஆவி பறக்கும் தேத்தண்ணியை ஊற்றுவது பெரும் பிழை. எவர்சில்வர் ரம்ளரை வெறுங்கையால் சுற்றிப் பிடிக்க முடிகிற வரை குடிக்காதீர்கள். முந்தியவர்கள் இரண்டு பேணி எடுத்து ஆத்திக் கொடுத்தது நுரைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். இழுத்து ஆத்தும் ஒவ்வொரு தரமும் சூடு இறங்குகிறது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் தேயிலையில் கல்லாகப் படியக்கூடிய ஒட்சலேற்று இருப்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று கோப்பை, சிறிது பால் விட்டு, இடையிடையே வெறுந்தண்ணி நிறைய என்றால் பயமில்லை. பாலின் கல்சியம் ஒட்சலேற்றைக் குடலிலேயே பிடித்துவிடும். சித்திரை வெயிலில் தண்ணிக்குப் பதில் தேத்தண்ணியையே குடித்துத் தோட்ட வேலை செய்வதுதான் கூடாது. அமெரிக்காவில் நாளுக்கு 16 குவளை குளிர்த் தேநீர் குடித்துவந்த 56 வயதுக்காரர் ஒருவரின் சிறுநீரகம் ஒட்சலேற்றால் செயலிழந்த செய்தி 2015இல் மருத்துவ இதழில் வந்தது. மண்ணில் உள்ள புளோரைட்டையும் தேயிலைச் செடி இழுத்துச் சேர்க்கும். முற்றிய இலையில் அது கூட, இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்ததில் குறைவு. மலையகத்தில் கைவலிக்கக் கொழுந்து கிள்ளுகிறவர்களின் நுட்பம் நம் எலும்புக்கும் பல்லுக்கும் கூட உதவுகிறது. முரட்டு இலையும் காம்பும் கலந்த மலிவுத் தூளைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

வாங்கிய பக்கற்றைத் திறந்தால் இறுக மூடும் தகரப் பேணிக்கு மாற்றுங்கள். தேயிலை மணங்களை உறிஞ்சும். மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் பக்கத்தில் ஒரு கிழமை இருந்தாலே தெரியும். கடற்கரை ஊர்களில் ஈரக் காற்று வேறு. மூன்று மாதத்துக்குள் முடியும் அளவு மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக, இலையையே தின்பது. பர்மாவில் புளிக்க வைத்த தேயிலையைச் சலாட்டாக உண்கிறார்கள். அது பக்குவப்படுத்திய உணவு. நம் வீடுகளில் நடப்பது வேறு. பேணியைத் திறந்து உலர் தேயிலையை ஒரு சிட்டிகை, பிறகு ஒரு பிடி என்று மெல்லும் பழக்கம் சில பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் வருகிறது. சாயம் இறக்கிக் குடிக்கும்போது வடியில் தங்கிவிடும் சக்கையும் அதில் உள்ளவையும் இப்படித் தின்றால் முழுதாக வயிற்றுக்குப் போகின்றன. ஐஸ், பச்சையரிசி, மண், சோக் தின்னும் ஆசையைப் போல இதுவும் பல வேளைகளில் இரும்புக் குறைபாட்டின் அடையாளம். தேயிலை அந்தக் குறைபாட்டை மேலும் கூட்டும், கூடிய குறைபாடு ஆசையைக் கூட்டும். பேணியை ஒளித்து வைத்து ஏசுவதால் இது நிற்காது. அருகில் உள்ள ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ ஹீமோகுளோபினையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினையும் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் இரும்புக் குறைபாடுதான் என்றால், குளிசை தொடங்கிச் சில கிழமைகளில் பேணியைத் தேடும் கை பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.